பழைய ஆகர் பிட் வாங்குகிறீர்களா? கேள்வி பதில்

கேள்வி: ஐயா, மரத்தில் துளை போடும் பழைய ஆகர் பிட்டில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: நுனித் திருகை. பிட்டை மரத்துக்குள் இழுத்துப் போவது அதுதான். புரிகள் துருவில் கரைந்திருந்தால் வாங்காதீர்கள், வீட்டில் சரிசெய்ய முடியாது. புரிகளுக்கு நடுவே பழைய மரத்தூள் அடைந்திருந்தால் பரவாயில்லை, ஊசியால் குத்தி எடுத்துவிடலாம். அடுத்து கீறுமுனைகள், அதாவது ஓரத்தில் நிற்கும் இரண்டு சிறு பற்கள். துளையின் வட்டத்தை முதலில் கீறுவது அவைதான். உயரமாக இருந்தால் இன்னும் பல முறை தீட்டலாம். குட்டையாகத் தேய்ந்திருந்தால் துளையின் வாய் பிய்ந்து வரும். அப்புறம் சமதளத்தில் உருட்டிப் பாருங்கள், வளைந்த பிட் தள்ளாடும். மேலோட்டமான துருவுக்கு நான் பயப்படுவதே இல்லை.

கேள்வி: பிட்டின் தண்டில் 8 என்று பொறித்திருக்கிறது. மில்லிமீட்டரா?

பதில்: இல்லை. அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்த கணக்கு. 8 என்றால் அரை அங்குலம். 4 முதல் 16 வரை 13 பிட்டுகள் சேர்ந்தது முழு செட்.

கேள்வி: ஜென்னிங்ஸ் வகையா, இர்வின் வகையா?

பதில்: ஜென்னிங்ஸில் இரட்டை முறுக்கு. துளை சுத்தமாக வரும். நாற்காலி, மேசை வேலைக்கு அதைத்தான் எடுப்பேன். இர்வினில் நடுவே கெட்டியான தண்டு, அதைச் சுற்றி ஒரே முறுக்கு. எளிதில் வளையாது, ஆழமான துளையிலும் சீவலை நன்றாக வெளியே தள்ளும்.

கேள்வி: மின்சார டிரில்லில் மாட்டலாமா?

பதில்: கூடாது. அந்த வேகத்தில் நுனித் திருகு மரத்தைக் கவ்வி இழுக்கும், டிரில் உங்கள் மணிக்கட்டை முறுக்கிவிடும். இவை கையால் சுற்றும் பிரேஸுக்குச் செய்தவை.

கேள்வி: எப்படித் தீட்டுவது?

பதில்: ஆகர் அரத்தால். கீறுமுனையை உட்பக்கம் மட்டும், வெட்டு விளிம்பைத் தண்டைப் பார்த்த பக்கம் மட்டும் அராவுங்கள். கீறுமுனையின் வெளிப்பக்கத்தில் அரம் படவே கூடாது.

கேள்வி: இதை ஏற்க மாட்டேன் ஐயா. வெளிப்பக்கம் பிசிறு நிற்கிறதே, ஒரு இழுப்பு இழுத்தால் என்ன?

பதில்: துளையின் அகலத்தை முடிவு செய்வதே அந்த வெளிப்பக்கம்தான். அங்கே தேய்த்தால் கீறும் வட்டம் சுருங்கும், ஆனால் பின்னால் வரும் முறுக்கு பழைய அகலத்திலேயே இருக்கும். பிட் துளைக்குள் இறுகிக்கொள்ளும்.

கேள்வி: எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அப்படித்தான் செய்வார். பிட் இறுகியதில்லை.

பதில்: அவர் கை மிக லேசாக இருந்திருக்கும். பிசிறுக்காக நுண்ணிய சாணைக்கல்லைப் படுக்கையாக வைத்து ஒரு முறை தடவுவதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அரம் வேண்டாம். நல்ல பழைய பிட்டுகள் பல இப்படித்தான் கெட்டுப்போகின்றன. உலோகம் போனால் திரும்ப வராது.

கேள்வி: அடாப்டர் போட்டு டிரில்லில் மெதுவாக ஓட்டினால்?

பதில்: மேலே சொன்னதுதான். கூடாது.

கேள்வி: இரும்புத் தகட்டில் துளை போடலாமா?

பதில்: இது மரத்துக்கு மட்டும். உலோக வேலை தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: பலகையின் மறுபக்கம் பிய்கிறது.

பதில்: திருகின் நுனி மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்துங்கள். பலகையைத் திருப்பி, அந்தப் புள்ளியில் வைத்து மீதியை முடியுங்கள்.