மகளின் ஏர் ரைஃபிளுக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: கோவையில் ஒரு நூற்பாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். என் சம்பளமும் மனைவியின் தையல் வருமானமும் சேர்த்து மாதம் 52,000 ரூபாய். வாடகை, பள்ளிக் கட்டணம், மளிகை, ரைஃபிள் கிளப் கட்டணம் எல்லாம் போக 7,000 மிஞ்சும். எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் ஐந்து மாதமாக 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழகுகிறாள். கிளப் துப்பாக்கியை மற்ற பிள்ளைகளோடு மாற்றி மாற்றிச் சுடுகிறாள். இப்போது சொந்தமாக வேண்டும் என்கிறாள். புது ஜெர்மன் ரைஃபிள் 2.4 லட்சம் என்கிறார்கள். ஆன்லைனில் 12,000 ரூபாய்க்கும் ஒன்று பார்த்தேன். கிளப்பில் ஒரு மூத்த வீரர் தன் பழைய வால்தர் எல்ஜி300 ரைஃபிளை 1.1 லட்சத்துக்குத் தருவதாகச் சொல்கிறார். கையில் முதிர்ந்த ஆர்.டி. பணம் 90,000 இருக்கிறது. அவசரத்துக்கென்று 1.5 லட்சம் எஃப்.டி. தனியாக இருக்கிறது. புதிது வாங்கினால் குறையும் 1.5 லட்சத்துக்கு பர்சனல் லோன் போடலாமா, மனைவியின் நகையை அடகு வைக்கலாமா? ஒலிம்பிக் வீரர் ககன் நாரங்கின் பெற்றோர் நிலத்தையே விற்று ரைஃபிள் வாங்கிக் கொடுத்தார்களாம். நாம் இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி என்று மனது அடித்துக்கொள்கிறது.

பதில்: கடனும் வேண்டாம், அடகும் வேண்டாம். ஆனால் மகளுக்குச் சொந்த ரைஃபிள் கிடைக்க வழி இருக்கிறது, அதுவும் இந்த ஆண்டுக்குள்ளேயே. அதற்குக் கணக்கை வேறு பக்கத்திலிருந்து போட வேண்டும்.

நீங்கள் எழுதியதில் எல்லாமே துப்பாக்கியின் விலை. 2.4 லட்சம், 1.1 லட்சம், 12,000. வாங்கிய மறுநாளிலிருந்து மாதாமாதம் என்ன ஆகும் என்பது கடிதத்தில் இல்லை. பிள்ளைகளை இந்த விளையாட்டில் விட்ட சில குடும்பங்களின் வரவு செலவை நான் பார்த்திருக்கிறேன். பாதியில் நின்றவர்களில் பலர் ரைஃபிள் வாங்க முடியாமல் நிற்கவில்லை. வாங்கிவிட்டு, பெல்லட்டுக்கும் (ஏர் ரைஃபிளில் போடும் சிறு குண்டு) போட்டிப் பயணத்துக்கும் பணம் இல்லாமல் நின்றார்கள். பூட்டிய அலமாரியில் இரண்டு லட்ச ரூபாய் துப்பாக்கி படுத்திருக்கும், பிள்ளை ரேஞ்சுக்குப் போகாது. அதைப் பார்க்க வருத்தமாக இருக்கும்.

அதனால் முதலில் மாதச் செலவைப் போடுவோம். நாளுக்கு 60 ஷாட், மாதம் 20 நாள் என்றால் 1,200 பெல்லட். 500 பெல்லட் உள்ள டப்பா 800 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள் (உங்கள் கடை விலையைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்). மாதம் 1,920 ரூபாய் ஆகிறது. ஆண்டுக்கு நான்கு போட்டி, ஒவ்வொன்றுக்கும் நுழைவுக் கட்டணம், கூட ஒருவர் போக வர, தங்க என்று 5,000 வைத்தால் மாதக் கணக்கில் 1,670. ஜாக்கெட், பேன்ட், ஷூ, கையுறை எல்லாம் சேர்த்து 25,000 என்றும் இரண்டு ஆண்டு வரும் என்றும் வைத்தால் 1,040. ஓ-ரிங் (காற்று கசியாமல் அடைக்கும் வளையம்) மாற்றுவது, சர்வீஸ் என்று 250. கூட்டினால் 4,880 ரூபாய். ஏறக்குறைய மாதம் ஐயாயிரம்.

உங்களுக்கு மிஞ்சுவது ஏழாயிரம். சரி, சமாளிக்கலாம். இதில் 1.5 லட்சம் கடனைச் சேருங்கள். 14 சதவீத வட்டி, மூன்று ஆண்டு என்றால் மாதத் தவணை 5,127 ரூபாய், மொத்த வட்டி சுமார் 34,500. தவணையும் விளையாட்டுச் செலவும் சேர்த்து பத்தாயிரத்தைத் தாண்டுகிறது. மாதம் மூவாயிரம் துண்டு விழும். அந்த மூவாயிரத்தை எங்கே வெட்டுவீர்கள்? பள்ளிக் கட்டணத்தையும் வாடகையையும் வெட்ட முடியாது. பெல்லட்டைத்தான் வெட்டுவீர்கள், போட்டியைத்தான் தள்ளிப்போடுவீர்கள். எதற்காகக் கடன் வாங்கினீர்களோ அதையே கடன் தின்றுவிடும்.

நகை அடகும் இதே கதைதான். தவணை இல்லையே என்று தோன்றும். ஆனால் வட்டியை மட்டும் கட்டி ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டே போகிற வீடுகளை நிறையப் பார்த்துவிட்டேன். எஃப்.டி.யையும் தொடாதீர்கள். மாதம் 52,000 வருமானமுள்ள வீட்டுக்கு 1.5 லட்சம் மூன்று மாத வருமானம்கூட ஆகாது.

நாரங்கைப் பற்றி எழுதியிருந்தீர்கள். சென்னையில் பிறந்த அவர் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இதே 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் வெண்கலம் வாங்கினார். பெற்றோர் நிலம் விற்ற செய்தி பல இடங்களில் வந்ததுதான். அது ஒரு குடும்பம் தன் நிலைமையை வைத்து எடுத்த முடிவு. அதே போல விற்றுவிட்டு ஒன்றும் கிடைக்காமல் போன குடும்பங்களைப் பற்றி யாரும் செய்தி போடுவதில்லை. நிலம் விற்காததால் நீங்கள் மகளுக்குக் குறை வைக்கவில்லை. தயவுசெய்து அந்தக் குற்ற உணர்வோடு கடைக்குப் போகாதீர்கள்.

இப்போது மூன்று துப்பாக்கிகளுக்கு வருவோம்.

12,000 ரூபாய் துப்பாக்கி பெரும்பாலும் ஸ்பிரிங் வகையாக இருக்கும். குழலை மடக்கி ஸ்பிரிங்கை இறுக்கிச் சுடுவது. சுடும்போது உள்ளே பிஸ்டன் பாய்வதால் துப்பாக்கியே முன்னும் பின்னும் குலுங்கும். உங்கள் மகள் சுடும் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர்தான். அந்தப் புள்ளிக்கு இந்தக் குலுக்கல் ஒத்துவராது. கிளப்பில் குலுங்காத ரைஃபிளில் பழகிய கைக்கு இது பின்னடைவு. இன்னொன்று, வீட்டில் பெல்லட் இல்லாமல் விசையை இழுத்துப் பழகும் டிரை ஃபயர் பயிற்சியை ஸ்பிரிங் துப்பாக்கியில் செய்தால் பிஸ்டனும் சீலும் கெட்டுப்போகும். உள்ளூர்ப் போட்டிகளில் ஓப்பன் சைட் (குழலின் மேல் உள்ள திறந்த குறிகளை வைத்துக் குறிபார்ப்பது) பிரிவில் மட்டும் ஆட வைக்கப் போகிறீர்கள் என்றால் இந்திய ஸ்பிரிங் ரைஃபிள் போதும். பீப் சைட் (சிறு துளை வழியாகக் குறிபார்ப்பது) பிரிவுதான் குறி என்றால் அந்த 12,000 வீண். விலை குறைவு என்பதற்காக வாங்கி, எட்டு மாதத்தில் இன்னொன்று வாங்குகிறவர்கள்தான் அதிகம் செலவழிக்கிறார்கள்.

2.4 லட்ச ரூபாய் ரைஃபிள் அருமையான பொருள், மறுக்கவில்லை. ஆனால் 13 வயதுப் பிள்ளை ஐந்தாவது மாதத்தில் எடுக்கும் மதிப்பெண்ணை அதன் நுணுக்கம் பெரிதாக மாற்றாது. நிற்கும் நிலை, மூச்சு, விசை இழுப்பு, இவைதான் இப்போது புள்ளி தருபவை. இவை கிளப் துப்பாக்கியிலேயே கிடைக்கும்.

பழைய எல்ஜி300 பற்றித்தான் அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் உங்களுக்கு ஏற்றது இந்த வகைதான். இது அழுத்தக் காற்று சிலிண்டரில் இயங்கும் முறையான போட்டி ரைஃபிள். இதன் கட்டையில் (தோளில் அணைத்துப் பிடிக்கும் பகுதி) தோள் தகடு, கன்னத் தாங்கி எல்லாவற்றையும் நகர்த்தலாம். பிள்ளை வளர வளரத் திருத்திக்கொள்ளலாம், துப்பாக்கி சிறிதாகாது. (ஜாக்கெட்தான் சிறிதாகும். அதனால் முதல் ஜாக்கெட்டை கிளப்பில் பெரிய பிள்ளைகளிடம் பழையதாகக் கேளுங்கள்.) ஆனால் எடையைப் பாருங்கள். விதிப்படி ஏர் ரைஃபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம். உங்கள் மகள் அரை மணி நேரம் அதைத் தாங்கி நிற்கிறாளா என்று பயிற்சியாளர் பார்க்க வேண்டும்.

பழைய ரைஃபிளில் பணத்தை முழுங்குவது சிலிண்டர். பெரும்பாலான ஜெர்மன் தயாரிப்பாளர்கள் சிலிண்டருக்குப் பத்து ஆண்டு ஆயுள் வைத்திருக்கிறார்கள். தயாரான தேதி அதன் மேலேயே பொறித்திருக்கும். 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைத்து, பிள்ளையின் கன்னத்துக்குப் பக்கத்தில் வைக்கும் பொருள் அது. காலம் கடந்த சிலிண்டரோடு விளையாடக் கூடாது. சர்வதேச விதிகளின்படியும் சிலிண்டர் காலாவதியாகாமல் இருப்பதற்குப் பொறுப்பு சுடுபவருடையது. புது சிலிண்டரின் விலை ஐந்து இலக்கத்தில் இருக்கும், இறக்குமதிக்குக் காத்திருக்கவும் வேண்டும். எல்ஜி300, எல்ஜி400-க்கு முந்திய பழைய மாடல். அதனால் அந்த மூத்த வீரரிடம் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: சிலிண்டரில் என்ன தேதி? காலாவதி ஆகியிருந்தால், புது சிலிண்டரின் விலையை டீலரிடம் எழுத்தில் வாங்கி, 1.1 லட்சத்திலிருந்து அப்படியே கழித்துக் கேளுங்கள். இரண்டு ஆண்டுதான் மிச்சம் என்றாலும் பெரும்பகுதியைக் கழித்துக் கேட்பது நியாயம். அவரும் விளையாட்டுக்காரர், அவருக்கும் இது தெரியும்.

அப்புறம் காற்றுக் கசிவு. சிலிண்டரை நிரப்பி, அழுத்தமானியைப் போட்டோ எடுத்துவிட்டு, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். முள் இறங்கியிருந்தால் சீல் போய்விட்டது. துப்பாக்கியைப் பிடிப்பானில் இறுக்கி, பயிற்சியாளரை விட்டு ஒரே வகை பெல்லட்டில் பத்து ஷாட் சுடச் சொல்லுங்கள். 10 மீட்டரில் பத்தும் ஒரே ஓட்டையாக விழ வேண்டும், ஓட்டை பெல்லட்டின் 4.5 மில்லிமீட்டரை விடச் சற்றே பெரிதாக இருக்கலாம். சிதறினால் முதலில் வேறு பெல்லட் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு குழலுக்கும் ஒரு பெல்லட் பிடிக்கும். அப்போதும் சிதறினால் எழுந்து வந்துவிடுங்கள். தொழிற்சாலையில் சுட்டுப் பார்த்த சோதனை அட்டை இருந்தால் அதையும் கேளுங்கள்.

இந்த ரைஃபிள் படியவில்லை என்றாலும் மனம் தளர வேண்டாம். சில கிளப்புகளில் பக்கவாட்டு லீவரை ஒருமுறை இழுத்துச் சுடும் ஃபைன்வெர்க்பாவ் 600 வரிசை போன்ற பழைய ரைஃபிள்கள் கிடக்கும். சிலிண்டர் செலவே கிடையாது, துல்லியம் இன்றும் நன்றாக இருக்கும். ஆனால் 60 முறை லீவர் இழுப்பது 13 வயதுக் கைக்குச் சிரமம், ஒவ்வொரு முறையும் நிலையும் கலையும். அதனால் இரண்டாம் தேர்வாக வையுங்கள். நம் நாட்டிலேயே பிரெசிஹோல் போன்ற நிறுவனங்கள் அழுத்தக் காற்று ரைஃபிள் செய்கின்றன, ஜெர்மன் விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கும். அதை வாங்குவதானால் பீப் சைட் பொருந்துமா, விசை எவ்வளவு மென்மை, கட்டையைத் திருத்த முடியுமா என்று கையில் எடுத்துப் பார்த்த பிறகே வாங்குங்கள்.

சரி, எவ்வளவுக்கு வாங்கலாம்? ஆறு மாதம் பொறுங்கள். மிஞ்சும் ஏழாயிரத்தில் இரண்டாயிரத்தை இப்போதே மகளின் பெல்லட்டுக்கு ஒதுக்கி, ஐயாயிரத்தைத் தனிக் கணக்கில் போடுங்கள். ஆறு மாதத்தில் 30,000. ஆர்.டி. பணம் 90,000 சேர்த்து 1.2 லட்சம். அதில் ஜாக்கெட், பேன்ட்டுக்கு 25,000 எடுத்து வைத்தால் மீதி 95,000. இதுதான் உங்கள் உச்ச வரம்பு. சிலிண்டர், சர்வீஸ் எல்லாம் சேர்த்து 95,000-க்குள் எந்த ரைஃபிள் வருகிறதோ அதுதான் உங்களுடையது. ஆயிரம் ரூபாய் கூடினாலும் அடுத்ததைப் பாருங்கள். அந்தப் பணத்தை ஃபண்டில் போடலாமா என்று கேட்காதீர்கள், ஆறு மாதப் பணத்துக்கு வங்கிக் கணக்கோ குறுகிய கால எஃப்.டி.யோ போதும்.

இந்த ஆறு மாதமும் மகளுக்கு வீண் போகாது. பயிற்சியாளரிடம் ஒன்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: கிளப் துப்பாக்கியில் 60 ஷாட்டுக்கு எவ்வளவு ஸ்கோர் நிலையாக வந்தால் சொந்த ரைஃபிள் பயன்தரும்? ஒவ்வொரு ஷாட்டையும் தசமப் புள்ளியில் எண்ணும் கணக்கில் அதிகபட்சம் 654, உலகப் போட்டிகளில் முன்னணியில் இருப்பவர்கள் 630-ஐ ஒட்டிச் சுடுகிறார்கள். உங்கள் மகளுக்கு அந்த எண் என்னவாக இருக்கும் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். மகளிடமும் அந்த எண்ணைச் சொல்லுங்கள், பணக் கணக்கையும் காட்டுங்கள். 13 வயதில் நன்றாகப் புரியும். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த ஏர் ரைஃபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவனின் போட்டிகளை உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். மாநில அளவில் நல்ல ஸ்கோர் வந்த பிறகு, 2023-இல் தமிழக அரசு தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையில் கருவிகளுக்கும் பயணத்துக்கும் உதவி கேட்டு விண்ணப்பிக்கலாம். அந்த விண்ணப்பத்துக்குச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழுக்குப் போட்டி வேண்டும். போட்டிக்குப் போகக் கையில் பணம் வேண்டும் என்பதால்தான் கடன் தவணை வேண்டாம் என்கிறேன்.

சட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். போட்டி ரைஃபிள் அந்த ஆற்றலில் பாதிகூட வராது. இருந்தாலும் கடையில் அடையாளச் சான்று கேட்பார்கள், கொடுங்கள். பழையது வாங்கினால் உங்கள் பெயரில், ரைஃபிளின் வரிசை எண்ணோடு, விற்பவர் கையெழுத்திட்ட ரசீதும் அவருடைய அடையாளச் சான்றின் நகலும் வாங்கி வையுங்கள். நாளை மகள் பெரிய ரைஃபிளுக்கு மாறும்போது இதை விற்க அந்தக் காகிதம்தான் உதவும். பூட்டுள்ள பெட்டிக்கு ஓராயிரம் ரூபாயை இப்போதே பட்ஜெட்டில் சேருங்கள், சாவி உங்களிடமோ மனைவியிடமோ இருக்கட்டும்.