நிதியும் கணிதமும் சேர்த்து ஒரே டிகிரியாகப் படிக்கலாமா?

கேள்வி: மும்பையில் பன்னிரண்டாவது காமர்ஸ் படிக்கிறேன். கணக்கு ரொம்பப் பிடிக்கும், பங்குச்சந்தையிலும் ஆர்வம் உண்டு. வீட்டில் சி.ஏ. படி என்கிறார்கள். நிதியும் கணிதமும் சேர்ந்த இளங்கலைப் படிப்பில் சேரலாமா, பிரயோஜனம் உண்டா?

தாராளமாகச் சேரலாம். ஆனால் சேருவதற்கு முன் அந்தப் படிப்பில் கணிதம் உண்மையிலேயே எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். படிப்பின் பெயரில் இருப்பதைக் கேட்கவில்லை, பாடத்திட்டத்தில் தாள் தாளாக இருப்பதைக் கேட்கிறேன். நிதியை வேலைக்குப் போன பிறகும் கற்றுக்கொள்ள முடியும், எனக்குத் தெரிந்ததில் பாதிக்கு மேல் அப்படிக் கற்றதுதான். கணிதத்தை அப்படி, ஆபீஸ் முடிந்து டோம்பிவிலி லோக்கலில் நின்றுகொண்டே வந்து, இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து கற்றுக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நானும் உங்களைப் போலத்தான். செம்பூரில் வளர்ந்தேன், அப்புறம் டோம்பிவிலி. எங்கள் சொந்தத்தில் படிப்பு என்றாலே பாங்க் பரீட்சை, இல்லாவிட்டால் சி.ஏ. மாட்டுங்காவில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் ஒரு மாமாவாவது "சி.ஏ. முதல் பரீட்சை எப்போ எழுதப் போறே?" என்று கேட்பார். நான் 2013-ல் நிதியும் கணிதமும் சேர்ந்த ஒரு மூன்றாண்டுப் படிப்பில் சேர்ந்தேன். இப்போது ரிஸ்க் பிரிவில், அதாவது எவ்வளவு நஷ்டம் வரலாம் என்று கணக்கிடும் பிரிவில் வேலை, பாந்த்ரா குர்லா காம்ப்ளக்ஸில்.

முதல் வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். அப்பா 2006-ல் டோம்பிவிலி வீட்டுக்காக 20 லட்சம் கடன் வாங்கியிருந்தார், 20 வருஷத்துக்கு. மாதாமாதம் கட்டிக்கொண்டே இருந்தார், ஆனால் "அசல் குறையவே மாட்டேங்குதே, பாங்க்காரன் ஏதோ பண்றான்" என்று அவருக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. ஒருநாள் வகுப்பில் சார் பெருக்குத் தொடரின் கூட்டுத்தொகையை போர்டில் எழுதி, அதிலிருந்தே மாதத் தவணைக்கான சூத்திரத்தைக் கொண்டுவந்தார். பத்தாவதில் படித்த அதே தொடர்தான். அன்றைக்கு ராத்திரி அப்பாவின் கடனுக்கு அதைப் போட்டுப் பார்த்தேன், வட்டி 10 சதவீதம், நடுவில் மாறவில்லை என்று வைத்துக்கொண்டு. தவணை 19,300 ரூபாய் வருகிறது. முதல் தவணையில் வட்டிக்கு மட்டும் 16,667 போய்விடும், அசலுக்கு மிஞ்சுவது 2,633. ஏழு வருஷத்தில் 84 தவணை, அதாவது 16 லட்சத்து 21 ஆயிரம் கட்டிய பிறகும் அசல் பாக்கி 16 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல். பாங்க்காரர் எதுவும் பண்ணவில்லை, தொடரின் குணமே அதுதான். அப்பா அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த மாதமே போனஸ் பணத்தை அசலில் போட்டார். இந்தப் படிப்பு எதற்கு என்ற கேள்வி எனக்கு அன்றோடு தீர்ந்தது.

சரி, உள்ளே என்ன படிக்க வேண்டியிருக்கும்? கால்குலஸ், லீனியர் ஆல்ஜீப்ரா, நிகழ்தகவு, புள்ளியியல், ரியல் அனாலிசிஸ் (கால்குலஸின் அடிப்படைகளை நிரூபித்துப் படிப்பது), வகைக்கெழுச் சமன்பாடுகள், மூன்றாம் வருஷத்தில் முடிந்தால் ஸ்டோகாஸ்டிக் புராசஸ் (காலத்தோடு தற்செயலாக மாறும் அளவுகளின் கணிதம்). இன்னொரு பக்கம் கணக்குப் பதிவியல், பொருளாதாரம், கார்ப்பரேட் ஃபைனான்ஸ், பாண்டு, டெரிவேட்டிவ்ஸ், போர்ட்ஃபோலியோ. இரண்டும் தனித்தனித் தண்டவாளமாக ஓடினால் பிரயோஜனம் இல்லை, இரண்டு டிகிரியை அரைகுறையாகப் படித்தது போல ஆகிவிடும். அவை ஒன்றையொன்று தொடும் இடங்களுக்காகத்தான் இந்தப் படிப்பே.

அப்படி ஓர் இடம் போர்ட்ஃபோலியோ. பணத்தை எந்தப் பங்கில் எவ்வளவு போடுவது என்பதை ஹாரி மார்க்கோவிட்ஸ் 1952-ல் ஒரு கணிதக் கேள்வியாக மாற்றினார். ஒவ்வொரு பங்கும் எவ்வளவு ஆடுகிறது என்பதோடு, எந்த இரண்டு பங்குகள் சேர்ந்து ஆடுகின்றன என்பதும் வேண்டும். நிஃப்டியில் உள்ள 50 பங்குகளுக்கே இப்படி 1,275 எண்களைக் கணிக்க வேண்டும். இப்போது யாராவது 500 பங்குகளை எடுத்துக்கொண்டு ஒரு வருஷத்துத் தினசரி விலைகளை வைத்து இதைச் செய்தால்? வருஷத்தில் சந்தை நடக்கும் நாட்கள் ஏறக்குறைய 250தான். பங்குகளைவிட நாட்கள் குறைவு என்பதால், அந்த எண்களை அடுக்கிய அணிக்கு (மேட்ரிக்ஸ்) நேர்மாறே கிடையாது, அது இல்லாமல் கணக்கு நகராது என்பது லீனியர் ஆல்ஜீப்ராவை ஒழுங்காகப் படித்தவருக்கு கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்பே தெரியும். படிக்காதவர் மென்பொருளில் போடுவார், அது சில சமயம் பிழை காட்டும், சில சமயம் பிழை காட்டாமல் ஒரு பதிலைக் கொடுத்துவிடும். அந்த இரண்டாவது வகைதான் ஆபத்து. கையில் உள்ள பணத்தைப் போல ஒரு பங்கில் 40 மடங்கு வாங்கு, இன்னொன்றில் 38 மடங்கு விற்றுவிடு என்கிற மாதிரி பதில்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன், அதை ஸ்லைடில் போட்டு மீட்டிங்குக்குக் கொண்டுவந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, என் வேலையில் நான் மறக்கவே முடியாதது. எங்கள் சார் ஒருவர் எந்தச் சூத்திரத்தை எழுதினாலும் முதலில் போர்டின் இடது ஓரத்தில் அனுமானங்களை எண் போட்டு எழுதுவார். ஆப்ஷன் (ஒரு பங்கைப் பின்னால் குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உள்ள உரிமை) விலை நடத்தும்போது 1900-ல் பாரிஸில் லூயி பஷெலியே எழுதிய ஆய்வேட்டிலிருந்து ஆரம்பித்தார். விலைகள் தற்செயலாக நகர்கின்றன என்று வைத்துக்கொண்டு, ஐன்ஸ்டீனின் பிரௌனியன் இயக்கக் (திரவத்தில் நுண்துகள்கள் தாறுமாறாக அலைவது) கட்டுரைக்கு ஐந்து வருஷம் முன்பே அதே கணிதத்தைச் சந்தைக்குப் போட்டவர் பஷெலியே. அதில் ஒரு குறை உண்டு, விலை பூஜ்யத்துக்குக் கீழே போகவும் அதில் இடம் இருக்கிறது. பங்கு விலை அப்படிப் போகாதே. அதனால் பின்னால் வந்தவர்கள் விலைக்குப் பதிலாக விலையின் லாகை (மடக்கையை) எடுத்துக்கொண்டார்கள். ஆப்ஷன் விலைக்கு 1973-ல் வந்த பிளாக்-ஷோல்ஸ் சூத்திரமும் அந்த வழிதான். சார் இடது ஓரத்தில் "1. விலை எப்போதும் பூஜ்யத்துக்கு மேல்" என்று எழுதியது இன்னும் கண்ணில் நிற்கிறது. பரீட்சைக்காக அதை நோட்டில் எழுதிக்கொண்டேன், அவ்வளவுதான்.

2020 ஏப்ரல் 20. ஊரடங்கு, வீட்டிலிருந்து வேலை. எண்ணெய், தங்கம் மாதிரி சரக்குகளுக்கான நம் சந்தையான எம்.சி.எக்ஸ். அப்போது மாலை 5 மணிக்கே மூடிக்கொண்டிருந்தது. அன்று காலாவதியான கச்சா எண்ணெய் ஒப்பந்தம் நம் சந்தையில் கடைசியாகக் கைமாறிய விலை பீப்பாய்க்கு 965 ரூபாய். நம்மூரில் நள்ளிரவு ஆகும்போது அமெரிக்காவில் அதே மாதிரி ஒப்பந்தம் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. எண்ணெயை எடுத்துப் போக ஆள் இல்லை, சேமித்து வைக்க இடம் இல்லை, அதனால் விற்பவரே பணம் கொடுத்துத் தள்ளிவிடும் நிலைமை. எம்.சி.எக்ஸ். அதைப் பின்பற்றி மைனஸ் 2,884 ரூபாய்க்குக் கணக்கை முடித்தது. ஒரு லாட் என்பது 100 பீப்பாய். மாலையில் ஒரு லாட்டை வாங்கி வைத்துவிட்டுத் தூங்கப் போனவருக்கு விடியும்போது நஷ்டம் 3 லட்சத்து 84 ஆயிரத்து 900.

காலையில் எங்கள் ரிஸ்க் ஃபைலைத் திறந்தால் கட்டங்கள் முழுக்கப் பிழைக்குறி. தினசரி மாற்றத்தை இன்றைய விலைக்கும் நேற்றைய விலைக்கும் உள்ள விகிதத்தின் லாகாகத்தான் போட்டிருந்தோம், குறை எண்ணுக்கு ஏது லாக்? ஒருவர் மைனஸ் வரும் இடத்தில் எல்லாம் ஒரு பைசா என்று போட்டுவிடலாம் என்றார். பிழைக்குறி போனது, ஆனால் அந்த ஒரு நாள் மட்டும் மற்ற எல்லா நாட்களையும் விழுங்கும் அளவுக்கு ஒரு எண் வந்து நின்றது, ஒரு பைசா என்பதற்குப் பதில் பத்து பைசா என்று போட்டால் விடையே மாறியது. எனக்கு அந்த இடது ஓரம் ஞாபகம் வந்தது. விகிதத்தை விட்டுவிட்டு விலைகளின் வித்தியாசத்தை நேரடியாக எடுத்துக்கொள்ளலாம், அதற்கு மைனஸ் ஒரு பொருட்டே இல்லை என்று சொன்னேன், மத்தியானத்துக்குள் ஃபைல் ஓடியது. அதே வாரம் அமெரிக்காவில் இந்தச் சந்தையை நடத்தும் சி.எம்.இ. நிறுவனம் எண்ணெய் ஆப்ஷன்களுக்கான தன் கணக்கீட்டை பஷெலியே மாதிரிக்கு மாற்றிக்கொண்டது. 120 வருஷமாகக் குறை என்று சொல்லி வந்த அதே குணத்துக்காக அதைத் திரும்ப எடுத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது, நிஜமாகவே.

இவ்வளவு சொல்லிவிட்டு என் குறையையும் சொல்ல வேண்டும். எங்கள் கல்லூரியில் மூன்றாம் வருஷம் ஸ்டோகாஸ்டிக் புராசஸ் தாளை, நடத்த ஆள் இல்லை என்று சொல்லி நிறுத்திவிட்டு, அதற்குப் பதிலாகத் தகவல் தொடர்புத் திறன் என்று ஒரு தாளைக் கொடுத்தார்கள். அப்போது எங்களுக்குச் சந்தோஷம், மார்க் சுலபமாக வருமே என்று. வேலைக்கு வந்த பிறகு என்.பி.டி.இ.எல். என்ற இணைய வகுப்புத் தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் வகுப்புகளை வைத்து ஞாயிற்றுக்கிழமைகளில் அதையே படித்தேன், இரண்டு வருஷம் ஆனது. கல்லூரியில் அது ஒரு செமஸ்டர் வேலை. பக்கத்தில் உட்கார்ந்து சண்டை போட ஒரு நண்பரும், தப்பைக் காட்ட ஒரு ஆசிரியரும் இருந்தால் ஆகும் வேகம் வேறு.

அதனால் எந்தப் படிப்பு என்று வரும்போது பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். மும்பைப் பல்கலைக்கழகத்தின் ஃபைனான்ஷியல் மார்க்கெட்ஸ் பி.காம். சந்தையைப் பற்றி நன்றாகச் சொல்லித் தரும், கணிதம் குறைவு. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் நிதி முதலீட்டுப் பகுப்பாய்வுக்கென்றே ஒரு பி.பி.ஏ. இருக்கிறது, பெங்களூரு கல்லூரிகளில் பொருளாதாரம், கணிதம், புள்ளியியல் மூன்றையும் சேர்த்து பி.எஸ்சி. கிடைக்கிறது, அதே ஊரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பி.மேத். இருக்கிறது, அது முழுக்கக் கணிதம்தான், நுழைவுத்தேர்வும் கடினம். என்னைக் கேட்டால், புதிய கல்விக் கொள்கைப்படி கணிதத்தையோ புள்ளியியலையோ மேஜராக வைத்து நிதியை மைனராக எடுக்க விடும் கல்லூரி கிடைத்தால் அதற்கே முதலிடம். நிகழ்தகவு, லீனியர் ஆல்ஜீப்ரா, ரியல் அனாலிசிஸ் இந்த மூன்றும் தனித்தனி முழுத் தாளாக இருக்கிறதா என்று பாருங்கள். "பிசினஸ் மேத்தமேட்டிக்ஸ்" என்று ஒரே தாளில் எல்லாவற்றையும் அடைத்திருந்தால் வேண்டாம்.

வேலை: வங்கிகளில் ரிஸ்க், மாடல் சரிபார்ப்பு, இன்சூரன்ஸ் பக்கம் ஆக்சுவரி (காப்பீட்டு அபாயத்தையும் பிரீமியத்தையும் கணக்கிடுபவர்), அனலிட்டிக்ஸ். ஆக்சுவரி தேர்வுகளின் ஆரம்பத் தாள்களில் உள்ள புள்ளியியலும் நிதிக் கணிதமும் உங்கள் பாடத்தோடு நன்றாகவே ஒத்துப்போகும், படிக்கும்போதே எழுதத் தொடங்கலாம். பைத்தான் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். பெரிய ட்ரேடிங் நிறுவனங்களில் குவான்ட் வேலை (சந்தைக்குக் கணித மாதிரிகளை உருவாக்குவது) இளங்கலையோடு கிடைப்பது அரிது, முதுகலை வேண்டியிருக்கும், அதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சி.ஏ.யையும் கூடவே படிக்கலாமா என்று வீட்டில் கேட்பார்கள். சி.ஏ. அருமையான படிப்பு, ஆனால் ஆர்ட்டிகிள்ஷிப்பும் (ஆடிட்டரிடம் வேலை பார்த்துப் பழகும் காலம்) ரியல் அனாலிசிஸும் ஒரே நாளுக்குள் அடங்காது, இரண்டையும் பிடித்துக்கொண்டவர்கள் விட்டது பெரும்பாலும் கணிதத்தைத்தான்.

சந்தையில் ஆர்வம் உண்டு என்று எழுதியிருந்தீர்கள், அதைப் படித்ததும் மனசு கொஞ்சம் பதறியது. தயவுசெய்து படிக்கும் காலத்தில் ஆப்ஷன் வாங்கி விற்கப் போகாதீர்கள். 2021-22 முதல் 2023-24 வரை மூன்று வருஷத்தில் எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) பக்கம் போன ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணத்தை இழந்தார்கள், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடியைத் தாண்டியது, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. என் வகுப்புத் தோழன் ஒருவன் கடைசி வருஷக் கட்டணத்தை இதில் விட்டான், அவன் எங்களில் நன்றாகக் கணக்குப் போடுபவன்.

கடைசியாக ஒன்று. நீங்கள் மகாராஷ்டிரா போர்டு காமர்ஸ் என்றால் உங்கள் கணிதப் புத்தகம் சயன்ஸ் மாணவர்களுடையது இல்லை. உங்களுடையதில் காப்பீடும் ஆண்டுத்தொகையும் குறியீட்டெண்களும் இருக்கும், திரிகோணமிதி, வெக்டர் பக்கம் அதிகம் போகாது. கல்லூரியில் முதல் செமஸ்டர் கால்குலஸ் அதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கும். சில கல்லூரிகள் எந்தக் கணிதம் படித்தீர்கள் என்று சேர்க்கையிலேயே கேட்கும், அதனால் விண்ணப்பம் போடும் முன் விசாரித்துவிடுங்கள். மாநிலப் பாடநூல் நிறுவனமான பால்பாரதியின் சயன்ஸ் பிரிவுக் கணிதப் புத்தகம் இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. பரீட்சை முடிந்ததும் பதினொன்றாவது திரிகோணமிதியில் தொடங்குங்கள், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் போதும், ஜூனுக்குள் முடித்துவிடலாம்.