பிரிட்டிஷ் குதிரைப்படையில் அதிகாரி பதவியைக் காசு கொடுத்து வாங்கினார்களா?

ஆமாம், 1871 வரை சட்டப்படியே வாங்கினார்கள். குதிரைப்படையின் கடைநிலை அதிகாரியான கார்னெட் பதவிக்கு அரசு விலை 840 பவுண்டு, ஒரு படைப்பிரிவையே நடத்தும் லெப்டினன்ட் கர்னலுக்கு 6,175. இதற்கு மேல் கைமாறிய பணம் தனி.

எதற்கு இப்படி? கட்டிய பணம் பிணைபோல இருந்தது. ஒழுங்கீனத்துக்காக வெளியேற்றப்பட்டால் அது போய்விடும். சொத்துள்ளவர்கள் அரசைக் கவிழ்க்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை வேறு. ஓடுகிற கடையை குட்வில் கொடுத்து எடுத்து, விலகும்போது அடுத்தவரிடம் அதை வாங்கிக்கொள்வோமே, அதே கணக்குதான். ஓய்வுக்காலப் பணமும் அதுவே.

திறமையும் அனுபவமும் இருந்து பணம் இல்லாதவர்கள்தான் பாவம். மாறாக, பணத்தால் மளமளவென ஏறிய கார்டிகன் பிரபுவைப் பாருங்கள். 1824இல் சேர்ந்தவர், 1832இல் 15வது ஹுசார்ஸ் என்ற குதிரைப்படைக்கே தலைவர்! ஒரு கேப்டன்மீது அவர் சுமத்திய குற்றச்சாட்டு ராணுவ நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 1834இல் பதவி பறிபோனது. அப்புறமும் 1836இல் 11வது லைட் டிராகூன்ஸ் என்ற இன்னொரு குதிரைப்படை அவர் கைக்கு வந்தது. 1854இல் கிரிமியப் போரின்போது பாலக்லாவாவில் ரஷ்ய பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்த லைட் பிரிகேட் என்ற குதிரைப்படை அணியை நடத்தியவரும் இவரே.

ஜெனரல் பதவியையும் வாங்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு: விற்பனை லெப்டினன்ட் கர்னலோடு முடிந்துவிடும், பீரங்கிப்படையிலும் பொறியாளர் படையிலும் அறவே கிடையாது.