பிரிட்டிஷ் ராக் இசைக்குழு பிங்க் ஃபிலாய்டின் 1965 பதிவுகளை 2015-இல் ஏன் சத்தமில்லாமல் வெளியிட்டார்கள்?

சுருக்கமாகச் சொன்னால், பதிப்புரிமைக்காக. ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் ஒலிப்பதிவுகளின் உரிமைக் காலத்தை 50 ஆண்டிலிருந்து 70 ஆக்கியது. ஆனால் 50 ஆண்டுக்குள் வெளியிடாமல் பெட்டியில் பூட்டிவைத்த பதிவுக்கு அந்த நீட்டிப்பு கிடையாது. ஒலிப்பதிவு உரிமையைப் பொறுத்தவரை, அதை யார் வேண்டுமானாலும் அச்சடித்து விற்கலாம். அதனால்தான் கெடு முடியும் நேரத்தில் ஆறு பாடல்களை இரண்டு சிறிய இசைத்தட்டுகளில், வெறும் 1,050 பிரதிகள் மட்டும் அச்சடித்து வெளியிட்டார்கள். பெயருக்கு ஒரு வெளியீடு!

கேட்டால் சைகடெலிக் (போதை மயக்கம் போன்ற கனவுத்தன்மை கொண்ட இசை) வாசனையே இருக்காது. பின்னால் குழுவை விட்டு விலகிய ராடோ க்ளோஸ் கிதாரில் இருந்த காலம். அமெரிக்கப் பாடகர் ஸ்லிம் ஹார்ப்போவின் ப்ளூஸ் பாட்டு ஒன்றையும் பாடியிருக்கிறார்கள். குழுவின் பாடகர் சிட் பாரெட்டின் குரல்தான் ஈர்ப்பு. அப்புறம் 2016-இல் வந்த ஆரம்பகாலத் தொகுப்புப் பெட்டியிலும் இவை சேர்ந்தன. எனக்கு அந்தப் பெட்டியில் பெரிய விஷயம், 1967-இல் பதிவாகி கள்ளப்பிரதியாகவே சுற்றிக்கொண்டிருந்த 'வெஜிடபிள் மேன்' பாட்டு அதிகாரபூர்வமாக வந்ததுதான்.