விமானத்துக்குள் ஒரு வாடை வந்தால்

போன மாதம் ஜோகன்னஸ்பர்க் போன நம்மவர் சிலர், விமானத்துக்குள் என்னவென்று தெரியாத ஒரு வாடை அடித்ததாகச் சொன்னார்கள். அதிலிருந்து ஆளாளுக்குச் சந்தேகம். நான் 19 வருடம் விமானப் பணிப்பெண்ணாக இருந்தவள் என்பதால் எல்லாக் கேள்வியும் என்னிடம் வந்து சேர்ந்தது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

டோங்காட் தம்பி: டர்பன் கிங் ஷாக்கா விமான நிலையத்தில் கிளம்பியதும் கருகல் வாடை. பணிப்பெண்ணோ சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். பயப்பட வேண்டாமா?

கரும்பு வெட்டுக்கு முன் தோட்டத்துக்குத் தீ வைக்கும் காலமாக இருந்திருக்கும் தம்பி. அந்த விமான நிலையத்தைச் சுற்றிக் கரும்புதானே. வெளியே புகை இருந்தால் அதே வாடை உள்ளேயும் வரும். மேலே ஏறியதும் சில நிமிடத்தில் போய்விடும். போகாவிட்டால், அல்லது கூடிக்கொண்டே வந்தால், உடனே பொத்தானை அழுத்திக் கூப்பிடுங்கள்.

சாட்ஸ்வர்த் அம்மா: வெளிக்காற்று எப்படி உள்ளே வருகிறது? எல்லாம் மூடித்தானே இருக்கிறது?

பெரும்பாலான விமானங்களில் எஞ்சின் வழியாகத்தான் வருகிறது அம்மா. எரிபொருள் கலப்பதற்கு முன்பே, அழுத்தப்பட்ட காற்றில் ஒரு பங்கைப் பிரித்துக் குளிரவைத்து உள்ளே விடுகிறார்கள். போயிங் 787 மட்டும் வேறு மாதிரி, அதில் மின்சார அமுக்கிகள் வெளிக்காற்றை நேராக இழுக்கும். உள்ளே ஏற்கெனவே இருக்கும் காற்றில் ஏறக்குறைய பாதி, வடிகட்டி வழியாகத் திரும்பச் சுற்றும். அந்த வடிகட்டி தூசியையும் கிருமியையும் பிடிக்கும், வாயுவாக வரும் வாடையைப் பிடிக்காது.

எஞ்சினுக்குள் எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் சீல் தேய்ந்து துளி எண்ணெய் கசிந்தாலும் அது இந்தக் காற்றோடு வரும். துவைக்காத காலுறை வாடை, நனைந்த நாய் வாடை என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். சிலருக்குத் தலைவலி, கண் எரிச்சல், தொண்டைக் கமறல் வரும். நீண்ட காலத்தில் உடம்புக்கு என்ன செய்யும் என்பதில் இன்னும் வாதம் ஓய்ந்தபாடில்லை. நான் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டதே இல்லை.

ஃபீனிக்ஸ் அண்ணன்: வாடை வந்தால் நீங்கள் என்னதான் செய்வீர்கள்?

முதல் வேலை, இன்னொரு பணியாளரைக் கூப்பிட்டு முகரச் சொல்வது. ஒரே இடத்தில் நின்றால் கொஞ்ச நேரத்தில் மூக்குக்கு வாடை பழகிப்போகும், வேறு பக்கத்திலிருந்து வருகிறவருக்குத்தான் சரியாகத் தெரியும். உடனே இன்டர்ஃபோனில் கேப்டனுக்குச் சொல்வோம். எந்த வரிசை, எப்போதிலிருந்து, எதைப் போன்ற வாடை, புகை தெரிகிறதா, யாருக்காவது மயக்கமா. "ஏதோ நாற்றம்" என்று சொன்னால் அவருக்குப் பயன் இல்லை. மின்கம்பி தீய்ந்தது போலவா, எண்ணெய் போலவா, சாப்பாடு போலவா என்பதை வைத்துத்தான் அவர் முடிவெடுப்பார்.

அப்புறம் தேடுதல். ஓவன், காபி இயந்திரம், கழிப்பறைக் குப்பைத்தொட்டி, தலைக்கு மேல் பெட்டிகள். சுவர்ப்பலகையைப் புறங்கையால் தொட்டுச் சூடு பார்ப்போம். சமையல் பகுதிக்கு மின்சாரத்தை நிறுத்துவோம். பல முறை கிடைப்பது ஓவனில் ஒட்டிய பழைய கொழுப்புதான். ஒரு இரவு கேப் டவுன் போகும் வழியில், முந்திய பயணத்தில் யாரோ எடுக்க மறந்த ஒரு பிளாஸ்டிக் மூடி ஓவனுக்குள் உருகிக்கொண்டிருந்ததை நானே கண்டுபிடித்தேன். அது கையில் கிடைக்கும்வரை என் கால் நடுங்கியது நிஜம்.

வாசனைத் தெளிப்பானை மட்டும் தொடவே மாட்டோம். வாடையை மறைத்தால் தடயத்தையே அழித்த மாதிரி.

அதே நேரத்தில் விமானிகள் ஆக்ஸிஜன் முகமூடி போட்டுக்கொண்டு, காற்று வரும் வழிகளை ஒவ்வொன்றாக அடைத்துப் பார்ப்பார்கள். காரணம் தெரியவில்லை என்றால் பக்கத்தில் எங்கே இறங்கலாம் என்று பார்ப்பார்கள். இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், 1998 செப்டம்பர் 2 இரவு நியூயார்க்கிலிருந்து ஜெனீவா போன ஸ்விஸ் ஏர் 111. விமானி அறையில் முதலில் வந்தது வாடைதான். குளிர்சாதனத்திலிருந்து வருவதாக நினைத்தார்கள். உண்மையில் உட்கூரைக்கு மேலே மின்கம்பியில் பொறி பறந்து, அங்கே வெப்பத்தைத் தடுக்கப் போட்டிருந்த காப்புப் போர்வை எரிந்துகொண்டிருந்தது. வாடை தெரிந்த சுமார் 21 நிமிடத்தில் விமானம் கனடா கரையோரம் கடலில் விழுந்தது. 229 பேர், ஒருவரும் பிழைக்கவில்லை. பயிற்சி வகுப்பில் இதைக் கேட்ட நாளிலிருந்து எந்த வாடையையும் நான் "பார்த்துக்கலாம்" என்று விட்டதில்லை.

வெருலம் தங்கை: புகை வந்தால் மேலிருந்து முகமூடி விழுமா?

அது காற்றழுத்தம் குறைந்தால் விழுவது, புகைக்கு அல்ல. அதில் சுற்றியிருக்கும் காற்றும் கலந்துதான் வரும், புகையும் சேர்ந்தே வரும். துணியை நனைத்து மூக்கையும் வாயையும் மூடி, தலையைத் தாழ்த்திக்கொள்ளுங்கள்.

லெனேஷியா மாமா: ஹெல்டர்பர்க் விபத்தும் இப்படித்தானா?

ஹெல்டர்பர்க் என்பது தென்னாப்பிரிக்க ஏர்வேஸ் விமானம் ஒன்றின் பெயர். 1987 நவம்பர் 28, தைபேயிலிருந்து மொரீஷியஸ் வழியாக ஜோகன்னஸ்பர்க் வரவேண்டியது கடலில் விழுந்தது, 159 பேரும் இறந்தார்கள். தீ பிடித்தது பயணிகளுக்குப் பின்னால் அதே தளத்தில் இருந்த சரக்கில். நாம் எட்டமுடியாத இடத்தில் தீ பிடித்தால் நிலைமை வேறு மாமா. அதன் பிறகுதான் பயணிகளும் சரக்கும் ஒரே தளத்தில் போகும் விமானங்களுக்கு விதிகளை இறுக்கினார்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் தம்பி: போன் இருக்கை இடுக்கில் விழுந்துவிட்டால்?

இருக்கையை அசைக்காதீர்கள். நசுங்கினால் பேட்டரி தீப்பிடிக்கும். எங்களைக் கூப்பிடுங்கள். பேட்டரி கெடும்போது பெயின்ட் கரைப்பான் போல ஒரு இனிப்பு வாடை வரும். தீயை அணைத்த பிறகும் உள்ளே சூடு ஏறிக்கொண்டே இருக்கும் என்பதால் தண்ணீரை விடாமல் ஊற்றிக் குளிரவைப்போம். பவர் பேங்கைச் சரக்குப் பெட்டியில் வைக்கவே கூடாது, கைப்பையில்தான்.

சாட்ஸ்வர்த் ஆயா: காவடிக்குச் சென்னையிலிருந்து கற்பூரம் வாங்கி வரலாமா அம்மா?

வேண்டாம் ஆயா. கற்பூரம் எளிதில் தீப்பிடிக்கும் பொருள் வகையில் சேர்ந்தது, விமானத்தில் எந்தப் பையிலும் ஆகாது. விபூதி கொண்டு வாருங்கள், கற்பூரம் இங்கேயே கடையில் கிடைக்கும்.