மலைக்கு மேலேயும் சுங்க அதிகாரிகள் வரலாமா?

கேள்வி: ஹட்டன் டவுனில் சின்னதாக ஒரு போன் கடை வைத்திருக்கிறேன். புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரியிடம்தான் சாமான் எடுப்பேன். சிலவற்றுக்குப் பில் இருக்கிறது, சிலவற்றுக்குக் கைத்துண்டுதான். போன வாரம் சிவில் உடையில் சிலர் வந்து, சுங்க அதிகாரிகள் என்று சொல்லிக் கடையைச் சோதித்தார்கள். ஒரு பெட்டி போன்களை எடுத்துக்கொண்டும் போய்விட்டார்கள். கொழும்புக்கு வந்து வாக்குமூலம் கொடுக்கச் சொல்கிறார்கள். துறைமுகமோ விமான நிலையமோ இல்லாத ஊரில் இவர்களுக்கு என்ன அதிகாரம்? நான் எதையும் இறக்குமதி செய்யவில்லையே! கட்டாயம் போக வேண்டுமா?

பதில்: அதிகாரம் உண்டு. போகவும் வேண்டும். ஆனால் போவதற்கு முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன.

சுங்கம் என்றால் கட்டுநாயக்கவிலும் கொழும்புத் துறைமுகத்திலும் மட்டும் நடக்கிற காரியம் என்று மலையகத்தில் பலரும் நினைக்கிறார்கள். 1869ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுங்கக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தீர்வை கட்டாமலோ தடையை மீறியோ நாட்டுக்குள் வந்த பொருள் அரசுடைமையாக்கப்படக் கூடியது. அது கை மாறிக் கை மாறி ஹட்டனுக்கு வந்து உங்கள் கண்ணாடி அலுமாரியில் இருந்தாலும் அந்தக் கறை போவதில்லை. அப்படிப்பட்ட பொருளை அதிகாரி எங்கே கண்டாலும் கைப்பற்றலாம்.

“நான் இறக்குமதி செய்யவில்லை” என்ற உங்கள் வாதத்துக்குப் பாதி வலுத்தான் உண்டு. பொருளின் கதி வேறு, உங்கள் மீதான தண்டம் வேறு. பொருளைப் பறிமுதல் செய்ய உங்கள் மனதில் என்ன இருந்தது என்பது முக்கியமில்லை. ஆனால் 129ஆம் பிரிவின் கீழ், களவாக வந்த பொருளை வைத்திருந்தார் என்று ஒருவர் மீது தண்டம் விதிக்க, அது அப்படி வந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தண்டம் பொருளின் பெறுமதியைப் போல மூன்று மடங்கு வரை போகலாம். அதனால் போன்கள் கைவிட்டுப் போனாலும், தண்டத்திலிருந்து உங்களைக் காப்பாற்ற வழி இருக்கிறது. உங்கள் வாதத்தை அங்கேதான் வைக்க வேண்டும்.

அதற்குத் தேவை கடதாசி. சாதாரணக் குற்ற வழக்கில் குற்றத்தை நிரூபிப்பது அரசின் வேலை. சுங்கத்தில் தலைகீழ். தீர்வை கட்டப்பட்டதா, பொருள் முறையாக வந்ததா என்று தகராறு வந்தால், அதை நிரூபிக்க வேண்டியவர் உரிமை கோருபவர்தான் என்கிறது 152ஆம் பிரிவு. சின்னக் கடைக்காரர்களுக்கு இது மிகக் கடுமையான சட்டம் என்பது என் கருத்து. மொத்த வியாபாரி கொடுத்த துண்டை நம்பி, கையில் இருந்த காசையெல்லாம் போட்டவர்தான் கடைசியில் மாட்டிக்கொள்கிறார். ஆனாலும் இன்றைக்குச் சட்டம் இதுதான். ஆகவே பில், கைத்துண்டு, வங்கியில் காசு போட்ட சீட்டு, வியாபாரியோடு வாட்ஸ்அப்பில் பேசியது என்று இருப்பதையெல்லாம் ஒன்று சேருங்கள். அந்த வியாபாரியிடமே போய், அவர் யாரிடம் வாங்கினார் என்பதற்கான பில்லையும் கேளுங்கள். தர மறுத்தால், கேட்ட தேதியைக் குறித்து வையுங்கள்.

அடுத்தது, தவற விட்டால் திரும்பப் பிடிக்க முடியாத ஒன்று. கைப்பற்றிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள், பொருளுக்கு உரிமை கோரப் போவதாகச் சுங்கப் பணிப்பாளர் நாயகத்துக்கு எழுத்தில் அறிவித்து, வழக்கை நடத்துவதற்குப் பிணையும், அதாவது உத்தரவாதமும், கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பொருள் தானாகவே அரசுக்குப் போய்விடும். 154ஆம் பிரிவு அது. விசாரணைக்குக் கடிதம் வரட்டும் என்று காத்திருந்தே பலர் இந்த மாதத்தைக் கோட்டை விடுகிறார்கள். அதிகாரிகள் உங்கள் போன்களை விசாரணைக்காகத் தடுத்து வைத்திருக்கிறார்களா, கைப்பற்றிவிட்டார்களா என்று எழுத்தில் கேளுங்கள். அதுவரை, பெட்டி கடையை விட்டுப் போன நாளையே முதல் நாளாக எண்ணிக்கொள்வது பாதுகாப்பு.

இப்போது வாக்குமூலம். உங்களைச் சத்தியத்தின் பேரில் விசாரிக்க 8ஆம் பிரிவு சுங்க அதிகாரிக்கு அதிகாரம் கொடுக்கிறது. பொலிஸில் சொல்வதைப் போலத்தானே என்று அசட்டையாக இருக்க வேண்டாம். பொலிஸ் அதிகாரியிடமோ, தத்தம் சட்டங்களின் கீழ் விசாரிக்கும் வன, மதுவரி அதிகாரிகளிடமோ கொடுத்த குற்ற ஒப்புதலை நீதிமன்றத்தில் நிரூபிக்கச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு இடம் கொடுப்பதில்லை. அந்தப் பட்டியலில் சுங்க அதிகாரி இல்லை. அங்கே நீங்கள் சொல்லிக் கையெழுத்திடும் ஒவ்வொரு வரியும் உங்களுக்கு எதிராக நிற்கலாம்.

நம் ஆட்களில் பலருக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. சிங்களத்தில் எழுதிய தாளில், “பரவாயில்லை, சொன்னதைத்தானே எழுதியிருப்பார்கள்” என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. அரச அதிகாரியோடு தமிழில் அலுவல் பார்க்கும் உரிமையை அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயம் தருகிறது. தமிழில் வாக்குமூலம் கொடுக்க விரும்புவதாக முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். கொடுத்ததைத் தமிழில் வாசித்துக் காட்டிய பிறகு மட்டும் கையெழுத்திடுங்கள். மறுத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். தெரியாததைத் “தெரியாது” என்றே சொல்லுங்கள். ஊகித்து நிரப்ப வேண்டாம்.

இன்னொரு தடவை யாராவது வந்தால், முதலில் அடையாள அட்டையைக் கேட்டுப் பெயரையும் பதவியையும் குறித்துக்கொள்ளுங்கள். மதுவரிக்காரரையும் நுகர்வோர் அதிகார சபைக்காரரையும்கூடச் சுங்கம் என்றே நம் ஊரில் சொல்லிவிடுகிறோம், ஆனால் ஒவ்வொருவருடைய சட்டமும் வேறு. எந்தப் பிரிவின் கீழ் சோதிக்கிறார்கள், நீதவானின் தேடுதல் ஆணை இருக்கிறதா என்று மரியாதையாகக் கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும் கைகலப்போ கதவடைப்போ வேண்டாம், இடையூறு செய்தார் என்று புதிதாக ஒரு குற்றச்சாட்டு வந்துவிடும். எடுத்துச் செல்லும் ஒவ்வொரு பொருளும் பட்டியலில் ஏறட்டும், பிரதியும் உங்கள் கைக்கு வரட்டும். பெண்களை உடல் சோதனை செய்ய வேண்டுமென்றால் பெண் அதிகாரிதான் செய்ய வேண்டும்.

விசாரணையின் முடிவில் தண்டம் விதித்தாலும் கதவு மூடிவிடாது. அதைக் குறைக்கவோ நீக்கவோ 163ஆம் பிரிவின்படி பணிப்பாளர் நாயகத்துக்கு அதிகாரம் இருக்கிறது. பில்லோடும் நேர்மையான விளக்கத்தோடும் போகிறவருக்கே அந்தக் கோரிக்கை பலிக்க வாய்ப்பு அதிகம். அதிகாரிகள் சட்டத்தை மீறி நடந்திருந்தால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை (அதிகாரிகளின் முடிவை ரத்துச் செய்யவோ தடுக்கவோ நீதிமன்றம் இடும் கட்டளை) கேட்கலாம். அடிப்படை உரிமை மீறல் என்றால் உயர் நீதிமன்றம், ஆனால் அதற்கும் ஒரு மாதக் கெடுதான்.

உங்களுக்கு ஏற்கெனவே ஒரு வாரம் போய்விட்டது. கொழும்பு பஸ்ஸில் ஏறும் முன் சுங்க வழக்குப் பழக்கமுள்ள ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள், வாக்குமூலத்துக்கும் அவரைக் கூட்டிக்கொண்டு போகப் பாருங்கள். செலவுக்கு வழியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. கடையில் மிச்சமிருக்கும் போன்கள் ஒவ்வொன்றிலும் *#06# அழுத்தி ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்) எடுத்து, 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பிப் பாருங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் அந்த எண் இல்லை என்று பதில் வந்தால், அந்தப் போனை விற்காமல் தனியாக எடுத்து வைத்து, சட்டத்தரணியிடம் அதையும் சொல்லுங்கள்.