கடலுக்குள் எல்லை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மிதவை உயிரிகள் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். நீரோட்டத்தை எதிர்த்து அவற்றால் நீந்த முடியாது என்கிறீர்கள். கடலில் வேலியும் இல்லை. அப்படியானால் எல்லா இனங்களும் எல்லாக் கடல்களிலும் கலந்துபோயிருக்க வேண்டாமா? குளிர்நீர் இனம், வெப்பநீர் இனம் என்று எப்படிப் பிரிந்து நிற்கின்றன?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஓரளவு கலக்கத்தான் செய்கின்றன. ஆனால் ஓரிடத்துக்கு வந்து சேர்வது வேறு, அங்கே இனம்பெருக்கி நிலைப்பது வேறு. ஓட்டம் முதல் காரியத்தை மட்டுமே செய்யும். அப்புறம், கடல்நீர் முழுக்க ஒரே நீரல்ல. வெப்பமும் உப்பும் மாறினால் அடர்த்தி மாறும். அடர்த்தி வேறான நீர்த்திரள்கள் லேசில் கலப்பதில்லை. நீங்கள் தேடும் வேலி அதுதான்.

கலானஸ் ஃபின்மார்க்கிகஸ் என்றொரு கோப்பிபாட், அதாவது இறால் வகையறாவைச் சேர்ந்த சின்ன மிதவை உயிரி. அரிசி நொய் அளவுதான் இருக்கும். வசந்தத்தில் ஸ்காட்லாந்துக்குக் கிழக்கே வட கடலில் மேயும். குளிர்காலத்துக்கு அங்கே ஆழம் போதாது. ஃபாரோ, ஷெட்லாந்து தீவுகளுக்கு இடையிலுள்ள ஆழ்கால்வாயில், நார்வே கடலிலிருந்து வரும் 0 டிகிரிக்கும் கீழான ஆழ்நீரில், உடலில் சேர்த்த கொழுப்பை நம்பி உறங்கிக் கிடக்கும் கூட்டம்தான் மறு வசந்தத்தில் மேலேறி, மேல்மட்ட ஓட்டத்தோடு வட கடலுக்குள் வருகிறது. பக்கவாட்டில்தான் அதற்கு வலு இல்லை. மேலேறி இறங்குவதில் கெட்டி. எந்த ஆழத்தில் கிடப்பது என்று முடிவானால், எந்த ஓட்டத்தில் ஏறுவது என்பதும் பாதி முடிவான மாதிரிதான்.

1960களுக்குப் பிறகு அந்த ஆழ்நீரின் அளவு குறைந்தது. மேல்நீரும் வெதுவெதுப்பானது. வட கடலில் ஃபின்மார்க்கிகஸ் சரிய, தெற்கத்தி உறவான கலானஸ் ஹெல்கொலாண்டிகஸ் இடத்தைப் பிடித்தது. இரண்டையும் பிரித்தறிய நுண்ணோக்கியில் ஐந்தாவது ஜோடிக் கால்களைப் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் கடல் உயிரியலாளர் அலிஸ்டர் ஹார்டி வடிவமைத்த, மிதவை உயிரிகளைச் சேகரிக்கும் பதிவுக்கருவியை 1931 முதல் சரக்குக் கப்பல்கள் இழுத்துப் போகின்றன. அதன் பட்டுத்துணிச் சுருளில் சிக்கியவற்றை ஆண்டுக்கணக்கில் யாரோ பொறுமையாக எண்ணியதால்தான் இந்த மாற்றமே தெரிந்தது. அறிவியலில் எனக்குப் பிடித்த வேலை இந்த மாதிரி வேலைதான்.

சரி, ஒரு கலானஸ் போய் இன்னொன்று வந்தால் என்ன? காட் மீன் குஞ்சுகளைக் கேட்க வேண்டும். அவற்றுக்கு இரை வேண்டியது வசந்தத்தில். ஹெல்கொலாண்டிகஸ் பெருகுவதோ கோடை கடைசியில். வட கடலில் காட் குறைந்ததற்கு அளவுமீறிய மீன்பிடியைத்தான் நான் முதலில் குற்றம் சொல்வேன். ஆனால் மீன்பிடியை மட்டும் கட்டுப்படுத்தினால் காட் பழைய நிலைக்கு வந்துவிடும் என்று நம்பவில்லை.